நாலாவது ‘நோ ப்ராப்ளம்’

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு முறை நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். சுழி அழகாக வந்துவிடும். அதற்குக் கீழே ஒரு வரி வராது. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் பரீட்சையில் மட்டும் மூன்று தடவை விழுந்தவன், இங்கிலீஷ் பேசுவதைப் பற்றி எழுதினால் ஊர் சிரிக்காதா என்பது ஒரு தயக்கம். சொல்லப்போகிற தப்பு என்னுடைய தப்பு என்பது அதைவிடப் பெரிய தயக்கம். அடுத்தவன் தப்பை எழுதக் கை தானாக ஓடும். நம்முடையது என்றால் பேனாவில் மை இருக்காது.

போன வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலில், நம் அச்சகத்தின் ஆர்டர் மேஜையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். “ஐயா, வெளிநாட்டுப் பார்ட்டி வந்தா என்ன பேசணும்?” என்று கேட்டீர்கள். கேட்ட இடம் அப்படி. அம்மன் முன்னால் நின்றுகொண்டு மழுப்ப முடியவில்லை. இதோ, உட்கார்ந்துவிட்டேன்.

நான் இங்கிலீஷ் பேச வந்தவன் இல்லை. பைண்டிங் பகுதியில் இருபது வருடம் பசையும் அட்டைக்கு ஒட்டும் காலிக்கோ துணியுமாகக் கிடந்தவன். முன் அறையில் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் பெங்களூர் போனதும், முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“மாரிமுத்து, நாளையிலருந்து முன் ரூம்ல ஒக்காரு.”

“அண்ணாச்சி, எனக்கு இங்கிலீசு வராதே.”

“ஒனக்கு பைண்டிங் வருமுல்ல. இங்கிலீசு தெரிஞ்சவனுக்கு பைண்டிங் சொல்லிக்குடுக்க ரெண்டு வருசம் ஆகும். பைண்டிங் தெரிஞ்சவனுக்கு நாலு இங்கிலீசு சொல்லிக்குடுக்க நாலு நாள் பத்தாதா?”

நாலு நாள் பத்தவில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தது. அண்ணாச்சியின் மருமகள். கோயம்புத்தூர்ப் பெண். என் வயதில் பாதிகூட இருக்காது. தன் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று சொல்லியிருப்பதால் போடவில்லை. அச்சில் வீணாய்ப்போன காலண்டர் தாளை நறுக்கி, பின்பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதித் தருவார்.

“அண்ணே, வார்த்தை வார்த்தையாப் படிக்காதீங்க. ஒரு சமயத்துக்கு ஒரு வாக்கியம். அதை முழுசா அப்படியே சொல்லுங்க, போதும்” என்பார்.

ஆள் உள்ளே வந்தால் ‘ப்ளீஸ் ஹேவ் எ சீட்’. காக்க வைத்துவிட்டால் ‘சாரி டு கீப் யூ வெயிட்டிங்’. தெரியாததைக் கேட்டால் ‘லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ’. வழியனுப்பும்போது ‘ஹேவ் எ சேஃப் ஜர்னி’. ‘வாட் இஸ் யுவர் குட் நேம்’ என்று மட்டும் கேட்கவே கூடாதாம். “கெட்ட பேரு ஒண்ணு இருக்கறது இவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அவங்க பயந்துருவாங்க” என்றார். இருபத்தேழு வருடமாக நம் அச்சகத்தில் எல்லாரையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். எத்தனை பேர் பயந்தார்களோ.

துண்டுத் தாள்களை முன் அறையில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். காலையில் பூப்போட்டு, விபூதி பூசி, அம்மனைக் கும்பிட்ட கையோடு அதையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்வேன். ஊதுவத்திப் புகையில் ‘சாரி டு கீப் யூ வெயிட்டிங்’ என்று நான் முணுமுணுப்பதைப் பார்த்து, பெருக்க வந்த அம்மாள், அம்மனிடம் ஏதோ புது மந்திரம் சொல்கிறேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் அடி துபாய்க்காரர் ஒருவரிடம் வாங்கினேன். போனை எடுத்ததும் “ஹவ் ஆர் யூ?” என்றார். முன்பின் தெரியாத மனிதர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. என் வீட்டம்மாவின் முழங்கால் வலி, மதுரை டாக்டர், அவர் எழுதிய தைலம், அதில் வந்த கொப்புளம் எல்லாவற்றையும் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார். என்ன ஆர்டர் என்று கடைசிவரை தெரியவில்லை.

மருமகப் பெண் சிரித்த சிரிப்பு மெஷின் அறைவரை கேட்டது. “அண்ணே, அது கேள்வியே இல்லீங்க. ‘ஃபைன், தேங்க் யூ’ன்னுட்டு வேலையைப் பார்க்கணும். நீங்க தெருவுல யாரைப் பார்த்தாலும் ‘சாப்பிட்டீகளா’ன்னு கேக்கறீங்கல்ல? அவங்க இல்லைன்னு சொன்னா கூட்டிட்டுப் போயி சோறா போடுவீங்க?”

“போடுவோமே தாயி.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்த தாளை நறுக்க ஆரம்பித்தார்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் கிரேஸ் மேடம் வந்தார். கென்யாக்காரர். அறுபது வயது இருக்கும். நல்ல உயரம். அங்கே எழுதுபொருள் கடை வைத்து, பள்ளிக்கூடங்களுக்கு மாணவர் டைரி வாங்கிக் கொடுக்கிறவர். பதினொரு பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர். நமக்கு அது பெரிய விஷயம். காலண்டர் சீசன் முடிந்து மெஷின்கள் கொட்டாவி விடுகிற மாசி மாதம் அது. ஐந்து நாள் தங்கி, மாதிரி எல்லாம் பார்த்து ஒப்புக்கொண்டு போவதாக ஏற்பாடு.

முதல் நாள் காலை பத்து மணிக்கு வந்தார். வாய் சும்மா இருக்குமா? சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வந்த ஆள் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டால் நம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆளை அனுப்பி இட்லி, வடை, பொங்கல் எல்லாம் வரவழைத்தேன். அவர் மலைத்துப்போய்ப் பாதி சாப்பிட்டார். இன்னொரு வடை வைக்கப் போனபோது “ஐம் குட்” என்றார். அவர் நல்லவர் என்பதில் எனக்கு என்ன சந்தேகம்? வடையை வைத்தேன். மறுநாள் நான் வாயைத் திறக்கும் முன்பே, வாசற்படியிலேயே, “சாப்பிட்டுவிட்டேன்” என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

முதல் நாள் இலையை எடுத்த பிறகு வேலைப் பேச்சு நடந்தது. அண்ணாச்சி அவருக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மேடம் ஒரு சின்ன நோட்டை விரித்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு பள்ளிக்கும் அட்டையில் அதன் முத்திரை தங்க நிறத்தில் வருமா? “நோ ப்ராப்ளம், மேடம்.” ஒரு டிக் போட்டார். நாலு மூலையும் வளைவாக வெட்ட முடியுமா? “நோ ப்ராப்ளம், மேடம்.” டிக். அடையாள நாடா இரண்டு நிறத்தில்? “நோ ப்ராப்ளம்.” டிக். மூன்றும் சத்தியமான வார்த்தை.

நாலாவதாக ஒரு கப்பலின் பெயரைச் சொல்லி, அதைப் பிடிக்க வேண்டும், பதினொரு பள்ளிக்கும் சேர்த்து லோடு இன்ன தேதியில் தூத்துக்குடிக்குக் கிளம்ப முடியுமா என்று கேட்டார்.

அந்தத் தேதி அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் வாரம். கோவிலில் காப்புக் கட்டிவிட்டால் நம் பைண்டிங் பெண்கள் பசையைத் தொட மாட்டார்கள். மஞ்சள் துணியும் விரதமுமாக ஊர் அம்மன் பக்கம் திரும்பிவிடும். நானே வருடம் தவறாமல் அக்கினிச்சட்டி எடுக்கிறவன். அந்தத் தேதிக்குப் பதினொன்றையும் முடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தேதியைத் தமிழில் சொன்னேன், அண்ணாச்சிக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“நோ ப்ராப்ளம், மேடம்” என்றேன். டிக் போட்டார்.

ஏன் சொன்னேன்? பணத்தாசை இல்லை. வீட்டில் உப்புத் தீர்ந்தால்கூட ‘உப்பு வாங்கணும்’ என்போமே தவிர ‘உப்பு இல்லை’ என்போமா? வாசலுக்கு வந்த மனிதர் முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது என்பது நமக்குப் பாலோடு ஊட்டிய பாடம். சாத்தூர்ப் பார்ட்டியோ காரியாபட்டிப் பார்ட்டியோ என்றால் இதில் ஆபத்தே கிடையாது. “முடிச்சிருவோம்” என்று நாம் சொன்னதும் விட மாட்டார்கள். “பொங்கல் வருதேய்யா?” என்பார்கள். “பார்ப்போம்” என்போம். “நெசத்தைச் சொல்லும்” என்பார்கள். “அம்மன் விட்ட வழி” என்போம். சரி, பொங்கலுக்குப் பிறகுதான் என்று புரிந்துகொண்டு வேறு ஏற்பாடு செய்துவிடுவார்கள். மூன்றாவது பதிலில்தான் உண்மை இருக்கும் என்று இரண்டு பக்கமும் தெரியும். கிரேஸ் மேடம் ஒரு தடவைதான் கேட்டார்.

நாலு நாள் ஓடியது. மாதிரிகள் அவருக்குப் பிடித்துப்போயின. எல்லாப் பள்ளிக்கும் பொதுவான உள் தாள் முதல் நாளே அச்சுக்குப் போயிற்று. ‘நோ ப்ராப்ளம்’ எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. நாலாம் நாள் சாயங்காலம் ஊர்க் கோவிலைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். செருப்பைக் கழற்றி, தலையில் துணி போட்டு, மரியாதையாக ஓரமாக நின்றார். நான் கும்பிட்டுத் திரும்பியபோது மெதுவாகப் பேசினார். அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான்.

“போன வருடம் எங்கள் ஊரிலேயே ஒரு அச்சகத்தில் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் கழித்து டைரி வந்தது. இந்த வருடமும் அப்படி ஆனால் யாரும் என்னிடம் வாங்க மாட்டார்கள். கடையை மூட வேண்டியதுதான். நேரான பதில் சொல்கிற ஒருவரைக் காட்டு என்று ஆண்டவரிடம் கேட்டேன். உங்களைக் காட்டினார். இன்று காலையில் பதினொரு தலைமையாசிரியர்களுக்கும் தேதியை எழுதி அனுப்பிவிட்டேன்.”

எனக்குக் கை குவிந்தபடியே இருந்தது. பிரிக்கத் தெரியவில்லை. எதிரே அம்மன். பக்கத்தில் இந்த மனுஷி. அவர் கேட்டு ஆண்டவர் காட்டிய ஆள் நான்!

அவரை லாட்ஜில் விட்டுவிட்டு, அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று மருமகப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“தாயி, முடியாதுன்னு சொல்லணும். மனசு நோகாம. ஒரு வாக்கியம் குடுங்க.”

விஷயத்தைக் கேட்டுவிட்டு, “‘வீ வில் ட்ரை அவர் பெஸ்ட்’னு சொல்லுங்கண்ணே, அழகா இருக்கும்” என்றார்.

“அதைக் கேட்டா டைரி வருமுன்னு நெனைப்பாகளா, வராதுன்னு நெனைப்பாகளா?”

“வரும்னுதான் நினைப்பாங்க” என்றார்.

“அப்ப அது வேணாம்.”

“சரி, எழுதிக்குங்க. மூணு வாக்கியம். ‘ஐ ஷுட் ஹேவ் டோல்ட் யூ எர்லியர்.’ முன்னாடியே சொல்லியிருக்கணும்னு அர்த்தம். ‘வீ காண்ட் டூ ஆல் ஆஃப் இட் பை தட் டேட்.’ மொத்தமும் அந்தத் தேதிக்கு முடியாது. மூணாவது, ‘ஹியர் இஸ் வாட் வீ கேன் டூ.’ எங்களால முடிஞ்சது இது.”

“முடிஞ்சது எதுன்னு அதுல இல்லையே தாயி?”

“அதை நான் எப்படிண்ணே எழுதறது? அதுக்கு நீங்க பைண்டிங்குலதான் கேக்கணும்.”

தம்பி, தங்கச்சி, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்த நாலு நாளில் நான் எல்லாரையும் விசாரித்திருக்கிறேன். மெஷின்காரரை, லாரிக்காரரை, இட்லிக்கடைக்காரரைக்கூட. டைரியைக் கையால் ஒட்டித் தைக்கப்போகிற பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ‘முடியாது’ என்பார்கள். அந்தப் பதில் எனக்கு வேண்டாம் என்று இருந்திருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேடத்துக்கு மதுரை விமான நிலையம் போகக் கார். எட்டு மணிக்கு அச்சங்குளம் பக்கத்திலிருந்து பைண்டிங் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது. முதலில் இறங்கியவள் காளியம்மாள். பைண்டிங் பெண்களுக்குத் தலைவி. என்னோடு கூட வேலை பார்த்தவள். விஷயத்தைச் சொன்னேன். தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

“காப்புக் கட்டுற வரைக்கும் ஆறு பள்ளிக்கூடத்துக்கு முடியும்ணே. ஏழாவதுல கைய வச்சா ஆறாவதும் கெட்டுப்போகும்.”

“கூட ரெண்டு ஆளு சேத்தா?”

“புது ஆளு ஒட்டுனா அட்டை கப்பல்லயே பிரிஞ்சு, கென்யா போய்ச் சேரும்போது தாள் தனியா அட்டை தனியா எறங்கும். பரவால்லையா?” என்றவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆமா, முன் ரூமுக்குப் போனதும் இங்கிலீசு வந்துச்சு, சரி. தமிழு மறந்துபோச்சோ? மொத நாளே வந்து கேக்க வேண்டியதுதான?”

“தப்புத்தேன் காளி.”

“நாலு நாளா அவசரமில்லாத கோவில் புஸ்தகத்தை ஒட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தோம். அன்னைக்கே சொல்லியிருந்தா அதை ஓரமா வச்சுட்டு இதுல எறங்கியிருப்போம். பத்துக்காவது முடிச்சிருப்போம்.”

இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு முன் அறைக்கு வந்தேன். மேடம் பெட்டியோடு வந்துவிட்டார். அண்ணாச்சி சந்தன மாலையும் காலண்டருமாக வழியனுப்பத் தயாராக நின்றார். அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் “போகட்டும், ஊருக்குப் போனப்பறம் போன்ல சொல்லிக்கலாம்” என்பார். நானும் ‘சரி அண்ணாச்சி’ என்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் சொல்லாமல் நேரே மேடம் எதிரில் போய் நின்றேன்.

மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். மூன்றாவதற்குப் பின்னால் என் சொந்த இங்கிலீஷில், “சிக்ஸ் ஸ்கூல், யெஸ். ஃபைவ் ஸ்கூல், நோ” என்றேன்.

வாழ்க்கையில் வாசலுக்கு வந்த ஒருவரிடம் நான் சொன்ன முதல் ‘நோ’ அது.

அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ‘நோ’ தெரியும். “என்னய்யா சொல்லித் தொலைச்ச?” என்றார், முகத்தில் சிரிப்பு மாறாமல்.

மேடம் அந்த நோட்டை எடுத்தார். நாலாவது டிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. கத்தவில்லை. “நாலு நாளாக ஏன் சொல்லவில்லை?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாசலுக்கு வந்தவரிடம் எங்கள் ஊரில் இல்லை என்று சொல்வதில்லை என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

“எங்கள் ஊரிலும் சொல்வதில்லை” என்றார். “அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

பிறகு உட்கார்ந்தார். அங்கேயே பத்து நிமிடம் யாரிடமோ போனில் பேசினார். பதினொரு பெயரில் ஆறைத் தேர்ந்தெடுத்து வட்டம் போட்டார். மீதி ஐந்தை வேறு ஊர் அச்சகம் ஒன்றிடம் பேசி முடித்தார். கார் வந்தது. நான் ‘ஹேவ் எ சேஃப் ஜர்னி’ என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

ஆறு பள்ளிக்கூடத்து டைரியும் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் லோடு ஏறியது. காளியம்மாள் கடைசிப் பெட்டியில் குங்குமம் வைத்து அனுப்பினாள். பள்ளி திறக்கும் முன் அங்கே போய்ச் சேர்ந்தது. “ரிசீவ்டு. ஆல் சிக்ஸ்” என்று மேடம் வாட்ஸப்பில் அனுப்பினார். அவ்வளவுதான். ஒரு பூப்படம்கூட இல்லை. கடை நடக்கிறதா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அடுத்த வருடம் ஆர்டர் வந்தபோது, நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அப்போதும் ஆறு பள்ளிக்குத்தான் கொடுத்தார். பொங்கல் தேதியை அவரே முதலில் கேட்டுக்கொண்டார்.

அண்ணாச்சி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அதைவிடக் கனமானது வேறு. அந்த ஐந்து பள்ளி வேலை கைவிட்டுப் போனதால், பொங்கல் முடிந்து திரும்பிய பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டு வாரம் வேலை இல்லை. காளியம்மாளின் மகளும் அதில் ஒருத்தி.

“என் உண்மையால ஒங்களுக்கு ரெண்டு வாரம் போச்சே காளி” என்றேன்.

“உண்மையாலயா? அதை ரொம்பத் தூக்கி வைக்காதீக” என்றாள். “நாலு நாள் லேட்டாச் சொன்னதால போச்சு.”

இப்போது அச்சகத்தில் இந்தக் கதை வேறு மாதிரி நடமாடுகிறது என்று கேள்வி. அண்ணாச்சியே கல்யாணப் பந்திகளில் சொல்கிறார். “நம்ம மாரிமுத்து ஒரே ஒரு உண்மையைச் சொன்னான். அந்தம்மா அழுதே அழுதுட்டாக. ஆர்டரை ரெண்டு மடங்காக்கிட்டுப் போனாக” என்று. பக்கத்து இலையில் பாயசத்தைக் குடித்தபடி நானும் சும்மா இருந்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை நம்பி ஒரு பிள்ளை ஒரு நாள் ‘நோ’ சொல்லிவிட்டு, ஆர்டர் இரண்டு மடங்காகும் என்று காத்துக்கொண்டு நிற்கும். ஆகாது. அந்தப் பிள்ளை மறுபடி ‘நோ ப்ராப்ளம்’ பக்கம் போய்விடும்.

உங்களுக்குப் பின்னால் அந்த மேஜைக்கு யாராவது வருவார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். என் பெயரை விட்டாலும் பரவாயில்லை. கண்ணீர் மட்டும் சேர்க்காதீர்கள், அந்தம்மா அழவில்லை. ஆறு போனது, ஐந்து போகவில்லை. அந்த ஐந்தையும் விடாமல் சொல்லுங்கள்.